பெயரெச்சத்திலிருந்து தொடங்கும் ஆங்கில வகுப்பு: தர்மபுரி பயிற்சி மையம் ஒன்றின் மதிப்புரை

தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே வகுப்பறையுமாக இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில், போட்டித் தேர்வு எழுதுவோருக்காகச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆங்கில இலக்கண வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை பாடம், ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. அந்த வகுப்பு முழுவதையும் இங்கே எடைபோடப் போவதில்லை. அட்ஜெக்டிவ் க்ளாஸ் (ஒரு பெயரை விளக்கும் துணைத்தொடர்), ரிலேட்டிவ் ப்ரோனவுன் (அதைப் பெயரோடு இணைக்கும் சொல்) என்ற பகுதியை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் அதிகம் தடுமாறும் பகுதி அதுதான் என்பது ஒரு காரணம். ஒரு பயிற்சி மையம் உண்மையிலேயே கற்பிக்கிறதா, அல்லது குறுக்குவழிகளை மட்டும் விற்கிறதா என்பதும் அந்தப் பகுதியிலேயே தெரிந்துவிடும். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் தீர்ப்பு: சனிக்கிழமை வகுப்பு மிக நன்று, அச்சடித்துக் கொடுக்கும் நோட்ஸ் அந்த வகுப்புக்கே எதிராக நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு சுமார்.

பெரும்பாலான மையங்களில் இந்தப் பாடம் ஒரு பட்டியலுடன் தொடங்கும். ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்', இரண்டுக்கும் பொதுவாக 'தட்', உடைமைக்கு 'ஹூஸ்' என்று பலகையில் எழுதிவிட்டு உடனே கேள்விகளுக்குப் போய்விடுவார்கள். இங்கே ஆசிரியை பலகையில் முதலில் எழுதியது ஆங்கிலமே இல்லை. 'பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன லாரி' என்று தமிழில் எழுதி, 'போன' என்ற சொல்லுக்கு அடியில் கோடிட்டு, இது என்ன எச்சம் என்று கேட்டார். ஒரு பெயரைத் தழுவி நிற்கும் முற்றுப்பெறாத வினையான பெயரெச்சத்தைப் பள்ளியில் படித்த நினைவு எல்லோருக்கும் இருந்தது; அதற்கும் ஆங்கில வகுப்புக்கும் உள்ள தொடர்பைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. தமிழைப் பாடமாக எடுத்துப் படித்த எனக்கு அந்த இடத்திலேயே வகுப்பின் மீது மதிப்பு வந்துவிட்டது.

அவர் விளக்கிய முறை இது. தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விளக்கம் முழுவதும் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். 'லாரி' என்ற சொல் காதில் விழும்வரை, பேசுவது எதைப் பற்றி என்று கேட்பவர் காத்திருக்கவேண்டும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விளக்கம் அதன் பின்னால் தொடரும்: 'தி லாரி தட் வென்ட் டு சென்னை'. தமிழில் விளக்கத்தையும் பெயரையும் இணைக்கும் வேலையைப் 'போன' என்பதில் உள்ள அகர ஈறே செய்துவிடுவதால், இணைப்பதற்கென்று தனிச் சொல் தேவைப்படவில்லை. ஆங்கில வினைக்கு அந்த வடிவம் இல்லாததால், இணைக்கும் பொறுப்பை 'ஹூ', 'விச்', 'தட்' போன்ற சொற்கள் ஏற்கின்றன. ஆகவே மொழிபெயர்க்கும்போது, பெயரெச்சத்தைக் கண்டுபிடித்து, அது தழுவும் பெயரை முன்னால் கொண்டுவந்து, இணைப்புச் சொல்லை வைத்து, வினையை முழு வினையாக எழுதவேண்டும். கேட்பதற்கு எளிது, ஆனால் இந்த வரிசை மனத்தில் பதியாததால்தான் நன்றாகப் படித்த பட்டதாரிகள்கூட நீளமான ஆங்கில வாக்கியத்தை நடுவில் கைவிட்டுவிடுகிறார்கள்.

வகுப்பில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். கன்னடத்தில் 'பந்த ஹுடுக' என்றாலும், தெலுங்கில் 'வச்சின அப்பாயி' என்றாலும், தமிழில் 'வந்த பையன்' என்பதைப் போலவே எச்சம் முன்னாலும் பெயர் பின்னாலும்தான் வருகின்றன. அவரவர் வீட்டு மொழியிலேயே வாக்கியத்தை அமைத்துப் பார்க்கச் சொன்னது, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மாணவர்களை அறிந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

இந்த வகுப்பின் உயிர் அடுத்த பகுதியில்தான் இருக்கிறது. தமிழ் இலக்கணம், பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை ஆறாகப் பிரிக்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ஆசிரியை இதற்கு மாந்தோப்பை எடுத்துக்கொண்டார். மாங்காய் பறித்த ஆள், பறித்த தொரட்டி, பறித்த தோப்பு, பறித்த நாள், பறித்த மாங்காய். 'பறித்த' என்ற ஒரே வடிவம் ஐந்து பெயர்களோடும் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. ஆள் பறித்தவர் என்பதும், தொரட்டி பறிக்க உதவியது என்பதும், தோப்பு பறித்த இடம் என்பதும் கேட்பவருக்குத் தாமாகவே விளங்கிவிடுகின்றன. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. 'தி மேன் ஹூ ப்ளக்ட் தி மேங்கோஸ்', 'தி போல் வித் விச் ஹி ப்ளக்ட் தெம்', 'தி குரோவ் வேர் ஹி ப்ளக்ட் தெம்', 'தி டே வென் ஹி ப்ளக்ட் தெம்', 'தி மேங்கோஸ் தட் ஹி ப்ளக்ட்' என்று ஒவ்வொரு உறவுக்கும் வெவ்வேறு அடையாளத்தைக் கேட்கிறது. அந்த ஆறில் செயலை மட்டும் அவர் விட்டுவிட்டார். அது நேரடியாக ஆங்கிலத்துக்கு வருவதில்லை என்பதால் விட்டதில் தவறில்லை. ஆனால் அதற்கு அருகில் இருக்கும் 'பறித்த விதம்' என்பதையாவது சொல்லியிருக்கலாம். 'தி வே ஹவ் ஹி ப்ளக்ட்' என்று எழுதிவிட்டு, 'வே', 'ஹவ்' இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்பதை அறியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கருவிப் பொருளில்தான் எல்லோரும் விழுகிறார்கள். 'நான் எழுதும் பேனா' என்பதை வகுப்பில் ஏறத்தாழ அனைவரும் 'தி பென் விச் ஐ ரைட்' என்றே எழுதினார்கள். ஆசிரியை அதன் கடைசியில் 'வித்' சேர்த்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி, "மேடம், தமிழ்ல 'எழுதற பேனா'ன்னு மட்டுந்தானங்க இருக்கு, இந்த 'வித்' எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆசிரியை பெயரெச்சத்தைப் பிரித்து, 'நான் பேனாவால் எழுதுகிறேன்' என்று தனி வாக்கியமாக்கிக் காட்டினார். தமிழில் அந்த 'ஆல்' உருபு பெயரெச்சத் தொடரில் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான 'வித்' மறையாது, ஒன்று 'விச்' என்பதற்கு முன்னால் வரும், அல்லது வாக்கியத்தின் கடைசியில் தங்கும். 'நான் குடியிருக்கும் வீடு' என்பதில் 'இல்' உருபு, 'நான் காத்திருந்த பேருந்து' என்பதில் 'க்காக', 'நான் பேசிய அதிகாரி' என்பதில் 'ஓடு' என்று அடுத்தடுத்து மறைந்த உருபுகளைத் தேடி எடுக்கவைத்த பயிற்சி இருக்கிறதே, அதற்காக மட்டுமே இந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டலாம்.

இந்த அடிப்படை நின்றுவிட்டால் 'வேர்' பற்றிய சிக்கலும் அவிழ்ந்துவிடுகிறது. சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த ஊர் பாப்பாரப்பட்டி. 'பாப்பாரப்பட்டி இஸ் தி பிளேஸ் வேர் சிவா டைட்' என்பது சரி. ஆனால் 'நான் பார்த்த ஊர் பாப்பாரப்பட்டி' என்று சொல்ல வந்தால் 'வேர்' பொருந்தாது. 'தி பிளேஸ் விச் ஐ விசிட்டட்' என்றே எழுதவேண்டும். இரண்டிலும் ஊர் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் அந்த ஊர் ஒரு செயல் நடந்த நிலம்; இரண்டாவதில் பார்த்தல் என்ற செயலின் செயப்படுபொருள். அதே போல, நான் பிறந்த நாளுக்கு 'வென்' வரும். ஒகேனக்கல்லில் நான் கழித்த நாளுக்கு 'தட்' அல்லது 'விச்' வரும், ஏனெனில் கழித்தது அந்த நாளைத்தான். அந்தப் பெயர் ஊரா, நாளா, ஆளா என்று பார்ப்பது போதாது. துணைத்தொடரின் வினைக்கு அது என்ன உறவில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வகுப்பில் இதை மிகத் தெளிவாகச் சொன்னார்.

இனி நோட்ஸுக்கு வருகிறேன். வகுப்பு முடிந்ததும் கையில் கிடைக்கும் அச்சுத் தாளில், ஆள் என்றால் 'ஹூ', பொருள் என்றால் 'விச்', இடம் என்றால் 'வேர்', நேரம் என்றால் 'வென்', காரணம் என்றால் 'வை' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்பு ஆசிரியை எதைப் போதாது என்று விளக்கினாரோ, அதையே மையத்தின் தாள் விதியாக அச்சிட்டுக் கொடுக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவர் புரட்டிப் பார்க்கப்போவது இந்தத் தாளைத்தான். அட்டவணையை நம்பி 'தி டவுன் வேர் ஐ விசிட்டட்' என்பதைச் சரி என்று குறித்துவிட்டு வரக்கூடிய ஆபத்து உண்மையானது. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். அப்படிப்பட்ட தேர்வுக்கு இந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, தாள் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக வருவது என்று பதில் வந்தது. தாள் பொதுவாக இருக்கட்டும். தவறையும் பொதுவாக்க வேண்டுமா?

இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கும் பயிற்சி பள்ளியிலிருந்தே நமக்குப் பழக்கமானது. 'திஸ் இஸ் தி ஹவுஸ்', 'ஐ பாட் இட்' என்ற இரண்டையும் சேர்க்கச் சொன்னால், 'திஸ் இஸ் தி ஹவுஸ் விச் ஐ பாட் இட்' என்று கடைசி 'இட்' அப்படியே தங்கிவிடும். இந்தப் பிழைக்குத் தமிழைப் பழிக்க முடியாது. 'நான் அதை வாங்கிய வீடு இது' என்று யாரும் பேசுவதில்லை. இரண்டாவது வாக்கியத்தைத் தொடாமல் அதன் தலையில் 'விச்' மட்டும் ஒட்டவைக்கும் பயிற்சி முறையிலிருந்தே இந்தப் பிழை பிறக்கிறது. ஆசிரியை மாணவர்களின் தாள்களை வாங்கி அந்த 'இட்', 'ஹிம்', 'தேர்' ஆகியவற்றையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார். விளக்கமாகச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்; ஆனாலும் அடித்துக் கொடுத்ததே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

காற்புள்ளி பற்றிய பாடத்துக்கு அதியமானை அழைத்துவந்தார். 'தகடூரை ஆண்ட மன்னர்கள்' என்றாலும் 'தகடூரை ஆண்ட அதியமான்' என்றாலும் தமிழில் தொடரின் வடிவம் ஒன்றே. ஆங்கிலத்தில் முதலாவது, எந்த மன்னர்கள் என்று வரையறுப்பதால் காற்புள்ளி இல்லாமல் வரும். இரண்டாவதில், அதியமான் என்றவுடனே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. ஆண்டது கூடுதல் செய்தி. ஆகவே 'அதியமான், ஹூ ரூல்ட் தகடூர்,' என்று இரு பக்கமும் காற்புள்ளி இடவேண்டும். அந்த இடத்தில் 'தட்' வரவே வராது. தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜிக்கும், காவிரிக் கரையில் இருக்கும் ஒகேனக்கல்லுக்கும் இதுவே விதி. 'ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன்' என்ற வாக்கியத்தை அவர் இரண்டு விதமாக எழுதிக் காட்டினார்: காற்புள்ளி இட்டால் எனக்கு ஒரே அண்ணன், இடாவிட்டால் வேறு அண்ணன்களும் உண்டு என்று ஆங்கிலம் படிப்பவர் எடுத்துக்கொள்வார். குடும்பத்தின் அளவையே ஒரு புள்ளி மாற்றிவிடுகிறது என்று வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்போடு விதியும் பதிந்துவிட்டது.

ஆனால் இதே பகுதியின் இறுதியில் அவர் சொன்ன ஒரு செய்தியோடு எனக்கு உடன்பாடில்லை. காற்புள்ளி இல்லாத, வரையறுக்கும் தொடரில் 'விச்' வந்தால் பிழை என்றும், அங்கே 'தட்' மட்டுமே வரவேண்டும் என்றும் சொன்னார். இது அமெரிக்கப் பதிப்பாளர்களும் ஆசிரியர்களும் விரும்பிப் பின்பற்றும் ஒரு நடைமுறை. இலக்கண விதி அன்று. ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில், 'தட்' வரையறைக்கும் 'விச்' கூடுதல் செய்திக்கும் என்று பிரித்துக்கொண்டால் தெளிவு கூடும் என்று எழுதினார். ஆனால் பெரும்பாலோரோ சிறந்த எழுத்தாளர்களோ அப்படி எழுதுவதில்லை என்பதையும் அவரே அந்த இடத்தில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் நம் நாட்டு நாளிதழ்களில் 'தி ஹவுஸ் விச் ஐ பாட்' என்பது சாதாரணம். மேலும், பாப்பாரப்பட்டி எடுத்துக்காட்டில் அவரே 'தி பிளேஸ் விச் ஐ விசிட்டட்' என்றுதான் எழுதினார். சரியான வாக்கியத்தைப் பிழை என்று குறிக்கவைக்கும் இந்தப் போதனை, பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் மாணவரைத் தேவையில்லாமல் சந்தேகப்பட வைக்கும். தலைகீழான விதிதான் உறுதியானது: கூடுதல் செய்தித் தொடரில் 'தட்' கூடாது, 'இன்', 'வித்' போன்றவற்றுக்கு நேர் பின்னாலும் 'தட்' கூடாது.

'ஹூ', 'ஹூம்' வேறுபாட்டுக்கு வழக்கமான சோதனையையே கொடுத்தார்: துணைத்தொடரைத் தனி வாக்கியமாக்கினால் 'ஹி' வருமானால் 'ஹூ', 'ஹிம்' வருமானால் 'ஹூம்'. அதோடு நிறுத்தாமல், 'தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் ஆனஸ்ட்' என்பதில் 'ஐ திங்க்' இடையில் செருகப்பட்டதே என்றும், அதை எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும் என்றும் காட்டியது தேர்வுக்கு நேரடியாக உதவும். 'ஹூஸ்' என்பது உயிரற்றவற்றுக்கும் வரும் என்பதை ஒரே வரியில் சொன்னார். 'தி மேங்கோஸ் தட் ஆர் க்ரோன் இன் கிருஷ்ணகிரி' என்பதில் 'தட் ஆர்' விடுபட்டு 'க்ரோன் இன் கிருஷ்ணகிரி' என்று நிற்பது போன்ற சுருங்கிய தொடர்களுக்கு நேரம் ஒதுக்கவே இல்லை.

கண்டிப்பாகச் சேர்க்கவேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது. பெயரெச்சத்திலிருந்து தொடங்குபவர்கள், பெயரெச்சம் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லியாகவேண்டும். வந்த பையன், வந்த பெண், வந்த மாடுகள் என்று அது பாலும் எண்ணும் காட்டுவதில்லை; ஆங்கில வினையோ முன்னால் நிற்கும் பெயரின் எண்ணுக்கு இசையவேண்டும். 'ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட்' என்பதில் 'ஹேஸ்' என்று எழுதத் தூண்டும் கேள்விகள் தேர்வுகளில் தொடர்ந்து வருகின்றன. எதிர்மறையில் சிக்கல் இன்னும் பெரிது: 'வராத பையன்' என்பதில் காலமே இல்லை. நேற்று வராதவனா, வழக்கமாக வராதவனா, நாளை வராமல் இருக்கப்போகிறவனா என்பதைச் சூழலைப் பார்த்து முடிவுசெய்து, அதன் பிறகே 'டிட் நாட்', 'டஸ் நாட்', 'வில் நாட்' ஆகியவற்றில் ஒன்றை எடுக்கமுடியும். இவ்வளவு தூரம் வந்த ஆசிரியைக்கு இது ஓர் எட்டுதான்; அடுத்த பேட்சிலாவது சேர்த்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேள்விகள் பழைய வினாத்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. விடைகள் மட்டும் வாசிக்கப்படுகின்றன. ஏன் என்று கேட்டால், திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்கச் சொல்கிறார்கள். அன்று மேற்பார்வைக்கு வருபவர் வேறொருவர் என்பதால், சனிக்கிழமை வகுப்பில் சொன்ன பெயர் வகைகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. வகுப்பறையில் மின்விசிறிகள் போதுமான அளவு இருக்கின்றன. பலகை சாலைப் பக்கச் சன்னலை ஒட்டியிருப்பதால், இடப்பக்கம் உட்காருபவர்களுக்கு மாலை வெயிலில் எழுத்து தெரிவதில்லை. அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் கடைசிப் பேருந்தை நினைத்துக் கவலைப்படாத நேரத்துக்கு வகுப்பு முடிந்துவிடுகிறது.

மாதக் கட்டணம் 2,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. தேர்வு வேண்டாம், வகுப்பு மட்டும் போதும் என்றால் குறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை அவர்களாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். தமிழ்வழியில் படித்து, ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் புரிந்துகொண்டு, முழுதாக எழுதமுடியாமல் நிற்பவர்கள் சனிக்கிழமை வகுப்பில் தயங்காமல் சேரலாம். ஆங்கிலவழியில் படித்து, தேர்வுக்கு வேகத்தை மட்டும் கூட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இங்கே பெரிதாகக் கிடைக்காது. பெயரெச்சம் அவர்களுக்குச் சுற்றுவழியாகவே தோன்றும். மாதத்தின் முதல் சனிக்கிழமை டெமோ வகுப்பு இலவசம். அதற்குப் போகிறவர்கள், தாங்கள் அன்றாடம் பேசும் நீண்ட தமிழ் வாக்கியங்கள் சிலவற்றை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. கொடுத்தால் ஆசிரியை புத்தக எடுத்துக்காட்டுகளை ஒதுக்கிவிட்டு அவற்றையே பலகையில் எழுதி நடத்துகிறார்.